வழுக்கைத் தலைக்கு ஹேர் டிரையர்

கண்ணாடிக்காரருக்குத் தலையில் முடி கிடையாது. பின்னால் நடந்த கூத்துக்கெல்லாம் அந்த வழுக்கைக்கும் பங்கு உண்டு என்பதால், இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. காதோரம் இரண்டு பக்கமும் கொஞ்சம் நரைமுடி இருந்தது. அதுவும் இருக்கலாமா போகலாமா என்று யோசித்துக்கொண்டு நிற்பது போலத்தான் இருந்தது.

மனைவி இறந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. மகள் கல்யாணமாகிப் பக்கத்துத் தெருவில் இருந்தாள். இவர் தன் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலேயே மாடியில் தனியாகக் குடியிருந்தார். கடைச் சுவரில் கண் பரிசோதனை அட்டை ஒன்று தொங்கியது. மேலே பூதம் மாதிரி ஒற்றை எழுத்து. கீழே போகப் போக எழுத்துகள் எறும்பு சைஸுக்கு இளைத்துக்கொண்டே போகும். முப்பது வருஷமாக அந்த அட்டைக்குப் பக்கத்தில் குச்சியோடு நின்று "அடுத்த வரியைப் படிங்க" என்று ஊரையே படிக்க வைத்தவர் அவர். மாப்பிள்ளையின் பிறந்தநாள் மறந்துபோகும், அடுப்பில் வைத்த பால் மறந்துபோகும். அந்த அட்டை மட்டும் மறக்காது. தூக்கத்தில் உலுக்கிக் கேட்டாலும் "எஃப், ஈ, எல், ஓ, பி, இசட், டி" என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார்.

படிக்கும் கண்ணாடி வாங்க அந்தக் கடைக்கு வந்தவர்தான் டீச்சர். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். கண்ணாடிக்காரரின் மகளே அவரிடம் படித்தவள். இன்றைக்கும் அவரைக் கண்டால் உட்கார்ந்திருக்கிற நாற்காலியிலிருந்து தானாக எழுந்துவிடுவாள். அந்த ஒரு கண்ணாடியைச் சரிசெய்ய டீச்சரைக் கண்ணாடிக்காரர் எத்தனை தடவை வரச்சொன்னார் என்று கேட்டால் அவருக்கே வெட்கமாக இருக்கும். காது வளைவு சரியில்லை என்பார், மூக்குப் பிடி அழுத்துகிறதா என்பார். கடைசியில் டீச்சரே, "கண்ணாடி சரியாத்தான் இருக்கு. உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க" என்று கேட்டுவிட்டார்.

"நாம ரெண்டு பேரும் தனித்தனியா டீ போட்டுக் குடிக்கறோம். எவ்வளவு பால் வீணாகுது தெரியுமா டீச்சர்?" என்றார் கண்ணாடிக்காரர். அறுபத்திரண்டு வயதில் அவருக்கு வந்த காதல் வசனம் அவ்வளவுதான்.

டீச்சர் சிரித்தார். உடனே சிரிப்பை நிறுத்தினார். "ஒரே ஒரு நிபந்தனை. என் வீட்டுக்காரர் படுத்த படுக்கையா கிடந்தார். ஆறு வருஷம் நான்தான் எல்லாம் பார்த்தேன். இனிமே யாருக்கும் நர்ஸ் வேலை பார்க்க மாட்டேன். சம்மதம்னா பேசலாம்."

"நானா? குதிரை மாதிரி இருக்கேன் டீச்சர்."

"குதிரைக்குக் கண்ணை மறைச்சுத்தானே ஓட்டுவாங்க?" என்றார் டீச்சர். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் கண்ணாடிக்காரர் அவசரமாகப் பேச்சை மாற்றினார். ஏனென்றால் அப்போதே அவர் கண் சரியில்லை.

கண்ணாடிக் கடைக்காரனுக்கே கண் போனால் சமையல்காரனுக்கு வயிற்றுவலி வந்த மாதிரி. வெளியே சொன்னால் வியாபாரம் படுத்துவிடும். யாருக்கும் தெரியாமல் ஆஸ்பத்திரிக்குப் போனார். கண் டாக்டர் சின்ன வயசுக்காரி, பொறுமைசாலி. விளக்கமாகச் சொன்னாள்.

"உங்களுக்குக் கண்புரை இருக்கு. அது மட்டும்னா பிரச்சினையே இல்லை. கருவிழிக்கு உள்பக்கம் ஒரு மெல்லிய படலம் இருக்கு, அதுல இருக்கிற செல்லெல்லாம் குட்டிக் குட்டிப் பம்பு மாதிரி. கருவிழியில தண்ணி தேங்காம இறைச்சுக்கிட்டே இருக்கும். உங்களுக்கு அந்தப் பம்புல பாதிக்கு மேல வேலை செய்யலை. ராத்திரி கண்ணை மூடித் தூங்கும்போது தண்ணி சேர்ந்துடுது. அதனாலதான் காலையில பனிமூட்டம் மாதிரி இருக்கு, மத்தியானத்துக்கு மேல தெளியுது. புரையை எடுக்கும்போது இன்னும் கொஞ்சம் செல் போகும். போனது திரும்ப முளைக்காது."

"என் தலைமுடி மாதிரின்னு சொல்லுங்க."

"கிட்டத்தட்ட," என்று டாக்டர் சிரித்தாள். "சில பேருக்குப் புரையை எடுத்தாலே போதும், பொறுமையா தெளிஞ்சுடும். சில பேருக்கு வீக்கம் வடியாது. அப்போ தானமா வந்த கண்ணுலேருந்து அந்தப் படலத்தை எடுத்து உள்ள வைக்கணும். வேணும்னா ரெண்டையும் ஒண்ணாவே செஞ்சுடலாம்."

"படலம் வெச்சா அப்புறம் என்ன செய்யணும்?"

"கொஞ்ச நாள் மல்லாந்தே படுத்திருக்கணும். பக்கத்துல ஒருத்தர் இருந்து சொட்டு மருந்து ஊத்தணும், சாப்பாடு கொடுக்கணும், பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போகணும்."

பக்கத்தில் ஒருத்தர். கண்ணாடிக்காரருக்கு அதற்குமேல் எதுவும் காதில் விழவில்லை. "புரையை மட்டும் எடுங்க டாக்டர். எனக்குத் தெளிஞ்சுடும்," என்றார், ஏதோ பம்புகளோடு நேரில் பேசி முடித்துவிட்டு வந்தவர் போல.

டீச்சரிடம் சரக்கு எடுக்க வெளியூர் போவதாகச் சொல்லிவிட்டு, வலது கண்ணில் ஆபரேஷன் செய்துகொண்டார். அதே நாளில் பக்கத்துக் கட்டிலில் ஆபரேஷன் செய்துகொண்ட அம்மா, மறுநாள் கட்டைப் பிரித்ததும் மின்விசிறியைப் பார்த்து "இவ்வளவு அழுக்கா!" என்று அதிர்ந்துபோனாள். கண்ணாடிக்காரருக்கு மின்விசிறியே தெரியவில்லை. பால் பாத்திரத்துக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது உலகம். "போகப் போகச் சரியாகும்" என்றாள் டாக்டர். போகப் போக அவர் என்னவோ போய்க்கொண்டுதான் இருந்தார். கண்தான் கூட வரவில்லை. இடது கண்ணோ முன்பே புரை முற்றி, சும்மா அழகுக்கு இருந்தது.

முதல் மறுபரிசோதனையில் அவரை உட்காரவைத்து "எதிர்ல இருக்கிறதைப் படிங்க" என்றார்கள். எதிரே இருந்தது அதே அட்டை. பொய் சொல்ல வேண்டும் என்று அவர் திட்டம் போடவில்லை என்பது சத்தியம். அந்த அட்டை என்றதும் அவர் வாய் தன் பாட்டுக்கு ஓடத் தொடங்கியது. கடைசி வரிகூடத் தப்பவில்லை. கருவியால் கண்ணுக்குள் பார்த்த டாக்டர் புருவத்தை உயர்த்தினாள். "கருவிழி இன்னும் நல்லா வீங்கித்தான் இருக்கு. ஆனா பார்வை இவ்வளவு நல்லா இருக்கே! சரி, அப்போ இப்போதைக்குப் படலம் வேண்டாம்." கண்ணாடிக்காரர் பெருமையாக எழுந்து, கதவு என்று நினைத்து அலமாரியைத் திறந்து, அதற்குள் நுழையப் பார்த்தார்.

அன்று முதல் அவருக்கு முழுநேர உத்தியோகம், கண் தெரிகிற மாதிரி நடிப்பது. கடை ஷோகேஸில் கண்ணாடி மாட்டி வைத்திருந்த பொம்மைத் தலையிடம் "உட்காருங்க, இதோ வந்துட்டேன்" என்றார். டீயைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றினார். கடையை மதியத்துக்கு மேல்தான் திறந்தார். டீச்சரைச் சாயங்காலத்தில் மட்டும் பார்த்தார். அந்த நேரத்தில் பனி கொஞ்சம் விலகி, டீச்சர் டீச்சர் மாதிரி தெரிவார். "இந்த நீலம் உங்களுக்கு நல்லா இருக்கு," என்று ஒருநாள் துணிந்து சொன்னார். "இது பச்சை," என்றார் டீச்சர். "அதைத்தான் சொன்னேன்," என்றார் இவர்.

மகளுக்குக் கொஞ்சம் தெரியும். காலையில் மூட்டமாக இருக்கிறது என்கிற அளவுக்கு. ஹேர் டிரையரைக் கை நீட்டிய தூரத்தில் பிடித்து, கண்ணுக்கு நேரே காற்றை லேசாகக் காட்டினால் ஈரம் சீக்கிரம் உலரும் என்று டாக்டர் சொல்லியிருந்தாள். மகள் தன்னுடையதைக் கொண்டுவந்து கொடுத்தாள். தினமும் காலையில் மொட்டைத் தலையோடு, ஹேர் டிரையரும் கையுமாகக் கண்ணாடி முன்னால் நிற்கிற அப்பாவைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். "மிஸ்கிட்ட சொல்லிடுங்கப்பா. இது என்ன ஸ்கூலா, பயந்துக்கிட்டு?"

"நீ அவங்களைப் பார்த்தா ஏன் எழுந்து நிக்கறே? அதே காரணம்தான்."

அதற்குள் கல்யாணத் தேதி பேச்சு வந்தது. பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவது, அவ்வளவுதான். ஆனால் அங்கே கல்யாணப் பதிவு காலையில் மட்டும்தான்.

"சாயங்காலம் கிடையாதாமா?" என்றார் கண்ணாடிக்காரர்.

"அது என்ன சினிமாக் கொட்டகையா, மாலைக் காட்சி வெக்க?"

"காலையில எனக்கு வேலை இருக்கே டீச்சர்."

"என்ன வேலை? கடையே நீங்க மத்தியானம்தான் திறக்கறீங்க."

"தனிப்பட்ட வேலை."

டீச்சர் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்காததுதான் ஆபத்து என்று முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாத கண்ணாடிக்காரருக்குத் தெரிய நியாயமில்லை.

இரண்டு நாள் கழித்து, காலை வேளையில், டீச்சர் மாடிப்படி ஏறி வந்தார். கதவுக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே ஹேர் டிரையர் ஓடிக்கொண்டிருந்தது. டீச்சர் அந்தச் சத்தத்தை உன்னிப்பாகக் கேட்டார். கண்ணாடிக்காரரின் தலையை மனதுக்குள் ஒருமுறை கொண்டுவந்து பார்த்தார். அந்தத் தலைக்கும் இந்தச் சத்தத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்க முடியாது. உள்ளே வேறு தலை இருக்கிறது. காலையில் குளித்துவிட்டு முடி உலர்த்துகிற, நீளமான முடியுள்ள தலை.

கதவைத் தட்டினார்.

சத்தம் நின்றது. கதவு திறந்தது. கண்ணாடிக்காரர் எதிரே தெரிந்த வெள்ளை மூட்டத்தைப் பார்த்தார். அதன் நடுவே பெண் உருவம் ஒன்று இருந்தது. இந்த நேரத்தில் வருகிற பெண் உருவம் மகள் ஒருத்திதான்.

"வந்துட்டியா? சீக்கிரம் உள்ள வா, கதவைச் சாத்து," என்றார் ரகசியக் குரலில். "படியேறும்போது யாரும் பார்க்கலையே? டீச்சருக்கு மட்டும் விஷயம் தெரிஞ்சுது, கல்யாணம் கோவிந்தா!"

உருவம் உள்ளே வந்தது. கதவைச் சாத்தியது. பேசவில்லை.

"ஏன் உம்முனு நிக்கறே? கோபமா? உன் பொருளை எடுத்துட்டுப் போகணுமா? இன்னும் கொஞ்ச நாள்தான், கல்யாணம் முடியட்டும். அப்புறம் மெதுவா அவங்ககிட்ட சொல்லிக்கலாம். நீ தினமும் இப்படித் திருட்டுத்தனமா வர வேண்டியிருக்காது."

"கல்யாணம் முடிஞ்சப்புறமா?" என்றது உருவம், டீச்சரின் குரலில்.

கண்ணாடிக்காரரின் கையிலிருந்து ஹேர் டிரையர் நழுவிக் கால் விரலில் விழுந்தது. "அம்மா!" என்று குதித்தார். குதித்து இறங்கிய இடத்தில் ஸ்டூல் இருந்தது.

டீச்சர் படுக்கையறையைப் பார்த்தார், குளியலறையைப் பார்த்தார். யாரும் இல்லை. திரும்பி வந்து, தரையில் உட்கார்ந்து விரலைப் பிடித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது டீச்சருக்குப் பக்கத்திலிருந்த கோட்டு மாட்டும் ஸ்டாண்டை. "டீச்சர், நான் சொல்றதைக் கேளுங்க," என்று அதனிடம்தான் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

டீச்சர் சத்தமில்லாமல் இடம் மாறி அவர் முகத்துக்கு நேரே வந்து விரல்களைக் காட்டினார். "எத்தனை?"

"மூணு," என்றார், குத்துமதிப்பாக.

"நான் கையை நீட்டவே இல்லை," என்றார் டீச்சர். நீட்டியிருந்தார், ஐந்து விரலையும். ஆனால் அதற்குக் கண்ணாடிக்காரர் மறுபேச்சுப் பேசவில்லை. அதுவே போதுமானதாக இருந்தது.

அப்படியே, விரல் வீக்கத்தோடு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். கண்ணாடிக்காரர் அதுவரை மறுபரிசோதனைக்குச் சாயங்காலம் மட்டுமே போனவர். இன்று காலையிலேயே, மூட்டம் கலையாமல், டாக்டர் முன்னால் உட்கார்ந்தார். "முதல்ல பார்வையைப் பார்த்துடலாம்," என்றாள் டாக்டர். கண்ணாடிக்காரர் மிச்சமிருந்த மானத்தையெல்லாம் ஒன்று திரட்டி, நிமிர்ந்து உட்கார்ந்து, "ஈ. எஃப், பி. டி, ஓ, இசட்..." என்று தொடங்கினார். தடங்கலே இல்லை. அருவி மாதிரி கொட்டியது.

பின்னாலிருந்து டீச்சரின் குரல் வந்தது. "டாக்டர், இந்தப் பையன் மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கான்."

"எப்படிச் சொல்றீங்க?"

"நீங்க இன்னும் அட்டைக்கு லைட்டே போடலை."

டாக்டர் அட்டையைப் பார்த்தாள். இருட்டில் அது கரும்பலகை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அவள் மேசையிலிருந்து வேறு அட்டையை எடுத்தாள். எழுத்தே இல்லாமல், மேலே கீழே என்று திசை காட்டுகிற கோடுகள் மட்டும் போட்டது. கண்ணாடிக்காரர் அதில் வடக்கைத் தெற்கு என்றார், கிழக்கை மேற்கு என்றார். ஒரு பூகோள டீச்சர் முன்னால் இதைவிடப் பெரிய அவமானம் ஒருவனுக்கு நேர முடியாது.

"ஐயா," என்றாள் டாக்டர் மெதுவாக. "இவ்வளவு வீங்கின கருவிழியோட இப்படி ஒரு பார்வை இருக்குமான்னு எனக்கு ஒரே ஆச்சரியம். எங்க ஜூனியருக்கெல்லாம் உங்களைப் பத்திப் பாடமே எடுத்தேன். எல்லாரும் குறிப்பு எழுதிக்கிட்டாங்க." பிறகு அவள் குரல் மாறியது. "வீக்கம் ரொம்ப நாள் நின்னா தழும்பு விழுந்துடும். அப்புறம் புதுப் படலம் வெச்சும் பிரயோஜனம் இருக்காது. நல்லவேளை, உங்களுக்கு இன்னும் விழலை. இனியும் தள்ளிப் போடாதீங்க."

வெளியே வந்து, ஆஸ்பத்திரி வாசலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கண்ணாடிக்காரருக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான் இருந்தது. அதைச் சொல்லிவிட்டார்.

"டீச்சர், நீங்க நோயாளி வேண்டாம்னு சொன்னீங்க. நான் நோயாளிதான். மல்லாந்து படுக்கணும், மருந்து ஊத்தணும், எல்லாம் இருக்கு. நீங்க உங்க வழியைப் பார்த்துக்கறதுல எனக்கு வருத்தமில்லை." கொஞ்சம் நிறுத்தி, "வருத்தம் இருக்கு. சும்மா சொன்னேன்," என்றார்.

டீச்சர் கைப்பையை மடியில் சரிசெய்து வைத்துக்கொண்டார்.

"என் வீட்டுக்காரருக்குக் கால் மரத்துப்போக ஆரம்பிச்சப்போ, ஒரு வருஷம் சொல்லவே இல்லை. 'எனக்கு ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை'ன்னு நடந்து காட்டினார். நான் அவர் தூங்கும்போது காலைக் கிள்ளிப் பார்ப்பேன். செருப்பு தேஞ்சிருக்கிற விதத்தைப் பார்ப்பேன். அவர் படுத்தப்புறம் பார்த்த வேலையைவிட அந்த ஒரு வருஷம்தான் என்னைக் கொன்னுது. நர்ஸ் வேலை வேண்டாம்னு சொன்னது நிஜம். இப்பவும் வேண்டாம்தான். ஆனா துப்பறியற வேலை அதைவிட வேண்டாம்." எழுந்தார். "உங்க வீட்டுல முடி உலர்த்தற ஒருத்தி இருந்திருந்தாக்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது."

மகளுக்குப் போன் செய்து வரச்சொல்லி, அவள் வரும்வரை நின்றுவிட்டு, டீச்சர் பஸ் ஏறிப் போய்விட்டார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

இரண்டாவது ஆபரேஷன் நடந்தது. யாரோ முகம் தெரியாத ஒருவர் போகும்போது விட்டுச்சென்ற மெல்லிய படலம் கண்ணுக்குள் வந்து உட்கார்ந்தது. அதை இடத்தில் அழுத்திப் பிடிக்க உள்ளே ஒரு காற்றுக் குமிழியை விட்டிருந்தார்கள். கண்ணாடிக்காரர் வீட்டுக்கு வந்து மல்லாந்து படுத்தார். மகளும், மதியத்துக்கு ஏற்பாடு செய்திருந்த நர்ஸ் அம்மாவும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை வருஷத்தில் தன் வீட்டுக் கூரையை அவர் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. தெரியாவிட்டாலும் பார்த்துக்கொண்டிருந்தார். படிக்கட்டில் சத்தம் கேட்டால் மட்டும் மூச்சை அடக்கிக்கொள்வார். பேப்பர் போடுகிறவன் வந்தான், மாப்பிள்ளை வந்தான். கண்ணாடிக்காரர் ஒவ்வொரு தடவையும் மூச்சை விட்டார்.

அப்புறம் ஒரு காலையில் மகள் கீழே கடைக்கு இறங்கியிருந்த நேரத்தில், கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. யாரோ உட்கார்ந்தார்கள்.

"மருந்து நேரம் ஆச்சு போல இருக்கே," என்றது டீச்சரின் குரல். "நான் ஊத்த மாட்டேன்."

"தெரியும் டீச்சர். நானே ஊத்திக்குவேன்." தடவிப் புட்டியை எடுத்தார். முதல் சொட்டு புருவத்தில் விழுந்தது. அடுத்தது மூக்கில். அதற்கடுத்தது எங்கே போனது என்று அவருக்கே தெரியவில்லை. நாலாவதுதான் கண்ணுக்குள் விழுந்தது.

"நாலுக்கு ஒண்ணு," என்றார் டீச்சர். "இருபத்தஞ்சு மார்க். ஃபெயில்."

"அடுத்த பரீட்சையில பார்த்துக்கலாம்."

"சரி, சொல்லுங்க. இப்போ என்ன தெரியுது?"

எல்லாம் பளிச்சென்று தெரிகிறது என்று சொல்ல வாய் தயாராக இருந்தது. முப்பது வருஷமாக அட்டையை ஒப்பித்த வாய், சும்மா இருக்குமா? கண்ணாடிக்காரர் அதை மூடினார். மறுபடி திறந்தார். "பெரிய குமிழி ஒண்ணு மிதக்குது. அதுக்கு அந்தப் பக்கம் ஏதோ நிழல் மாதிரி இருக்கு. குரலை வெச்சு நீங்கன்னு நினைக்கறேன். பீரோவாகவும் இருக்கலாம்."

நிழல் குலுங்கியது. பீரோ சிரிக்காது என்பதால் அது டீச்சர்தான் என்று உறுதியாயிற்று.

"இதுதான் நீங்க எனக்குச் சொன்ன முதல் சரியான பதில்," என்றார் டீச்சர். காகிதம் சரசரத்தது. "பதிவு ஆபீசுல தேதி வாங்கிட்டேன். அடுத்த மாசம். காலையிலதான்."

"அதுக்குள்ள தெளியலைன்னா?"

"கையெழுத்து போடற இடத்துல நான் விரலை வெச்சுக் காட்டறேன்."

"அது நர்ஸ் வேலை ஆகாதா டீச்சர்?"

"ஆகாது. அது டீச்சர் வேலை."

அவருக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும் போல இருந்தது. தலையை அசைக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அதனால் கூரையைப் பார்த்தே சிரித்தார். கண்ணீர் வந்தால் புதுப் படலத்துக்கு ஆகுமா ஆகாதா என்று யாரிடமும் கேட்டு வைக்காததால், அழுகையைப் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.